பழைய லாஞ்ச் மானிட்டர் சரியாகத்தான் காட்டுகிறதா? அறிகுறி பார்த்துக் கோளாறு பிரிக்கும் முறை

பட்டாளத்தில் இருந்தபோது கோல்ஃப் பழகி, ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்டவர்கள் வேலூர் வட்டாரத்தில் உண்டு. ஆட வேண்டுமென்றால் கிழக்கே கிண்டி, மேற்கே பெங்களூர் என்று வண்டி ஏற வேண்டும். அதனால் மொட்டை மாடியில் வலை கட்டி, யாரோ விற்ற பழைய லாஞ்ச் மானிட்டரை (அடித்த பந்தின் வேகம், கோணம் எல்லாம் அளந்து காட்டும் கருவியை) வைத்து அடிப்பதுதான் பலருக்கு அன்றாடப் பயிற்சி. பழையது வாங்குவதில் தப்பில்லை. வாங்கிய பிறகு வரும் சந்தேகம்தான் ஆளைத் தூங்கவிடாது: இது காட்டும் எண்ணை நம்பலாமா?

மொத்தமாக இப்படிக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்த எண்ணை நம்பலாம் என்று கேட்க வேண்டும். திரையில் பத்து எண் தெரிந்தால் அதில் இரண்டு மூன்றைத்தான் கருவி நேரில் பார்த்திருக்கும். மீதியெல்லாம் அவற்றை வைத்துப் போட்ட கணக்கு. பந்தின் வேகத்தை, அதாவது பால் ஸ்பீடை, எல்லாக் கருவியும் பார்க்கிறது. பந்து எத்தனை யார்டு போய் விழும் என்பதை, வலைக்குள் அடிக்கும்போது எந்தக் கருவியும் பார்ப்பதில்லை.

முதலில் உங்கள் கையில் இருப்பது எந்த ஜாதி என்று தெரிந்துகொள்ளுங்கள். டிராக்மேன், ஃப்ளைட்ஸ்கோப் மீவோ, ஸ்விங் கேடி, கார்மின் ஆர்10 எல்லாம் ரேடார் வகை. பந்துக்குப் பின்னால் வைப்போம். நகரும் பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியது என்று பார்த்து வேகம் சொல்லும். ஸ்கைட்ராக், ஃபோர்சைட் ஜிசி2 போன்றவை கேமரா வகை. பந்துக்குப் பக்கவாட்டில் வைப்போம். பந்து கிளம்பிய கணத்தில் சில படம் எடுத்து, அதிலிருந்து வேகம், கோணம், சுழற்சி எல்லாம் பிரிக்கும். இரண்டும் தப்பு செய்யும் விதமே வேறு, அதனால் வைத்தியமும் வேறு.

எல்லா கிளப்பிலும் (மட்டையிலும்) தூரம் குறைவாகக் காட்டுகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். ராணுவப்பேட்டை என்று பெயரெடுத்த கம்மவான்பேட்டையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், ஹவில்தாராக ஓய்வு பெற்றவர், கருவியைக் கையில் தூக்கிக்கொண்டே வந்தார். "இன்னாபா இது, மிஷின் என்ன கிழவன்னு சொல்து. ஏழாம் நம்பர்ல நூத்தி அம்பது யார்டு அடிச்சவன் நானு, நூத்தி முப்பத்தஞ்சுன்னு காட்து."

"சார், யார்டை விடுங்க. பால் ஸ்பீடு எவ்வளோ காட்டுது, அதைச் சொல்லுங்க" என்றேன். அவர் அதைப் பார்த்ததே இல்லை. பலரும் பார்ப்பதில்லை.

பால் ஸ்பீடு சரியா என்று சோதிக்க இன்னொரு கருவி தேவையில்லை. ஒரு டேப், ஒரு தார்ப்பாய், ஒரு செல்போன் போதும். வலைக்கு முன்னால் தார்ப்பாயைத் தொளதொளவென்று தொங்கவிடுங்கள். இழுத்துக் கட்டினால் பந்து உங்கள் முழங்காலுக்கே திரும்பி வரும். பெட்ஷீட் உதவாது; பந்து பட்டால் "பட்"டென்று சத்தம் கேட்க வேண்டும். பந்து வைக்கும் இடத்துக்கும் தார்ப்பாய்க்கும் நடுவில், பக்கவாட்டில் ஒதுங்கிய இடத்தில் செல்போனை வைத்து ஒலிப்பதிவு செய்யுங்கள். பிறகு அந்தப் பதிவை ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் திறந்தால், கிளப் பந்தில் பட்ட சத்தம் ஒரு முள்ளாகவும், பந்து தார்ப்பாயில் பட்ட சத்தம் இன்னொரு முள்ளாகவும் தெரியும். இரண்டுக்கும் நடுவே எத்தனை மில்லிசெகண்டு என்று எடுங்கள்.

தூரத்தைத் தரையோடு அளக்கக் கூடாது. பந்து சாய்வாக மேலேறிப் போகிறது. ஏழாம் நம்பர் அயர்னில் (நடுத்தரத் தூரத்துக்கான இரும்புத் தலைக் கிளப்) 16 டிகிரி ஏறினால், தரையில் 3 மீட்டர் என்பது பந்துக்கு 3.12 மீட்டர். அதிலேயே 4 சதவீதம் போய்விடும். தார்ப்பாயில் பந்து பட்ட இடத்தைச் சாக்பீஸால் குறித்து, பந்து இருந்த இடத்திலிருந்து அந்தக் குறி வரை டேப்பை நேராக இழுத்துப் பிடியுங்கள். மீட்டரை மில்லிசெகண்டால் வகுத்து 2237-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை மைல் என்று வரும். 4 மீட்டரை 80 மில்லிசெகண்டில் கடந்தால் சுமார் 112 மைல். ஒரு மில்லிசெகண்டு பிசகினால் ஒன்றரை மைல் அளவுக்குத்தான் மாறும். காற்றுத் தடையால் இந்தச் சின்ன தூரத்தில் சராசரி வேகம் குறைவது ஒரு சதவீதம் அளவுக்குத்தான், விட்டுவிடலாம்.

செல்போனை நடுவில் வைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒலி 4 மீட்டர் கடக்க 11 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். போன் உங்கள் காலடியில் இருந்தால் தார்ப்பாய்ச் சத்தம் அவ்வளவு தாமதமாக வந்து, 80 என்பது 91 ஆகிவிடும்; வேகம் எட்டில் ஒரு பங்கு குறைந்து தெரியும். நடுவில் இருந்தால் இரண்டு சத்தமும் ஒரே அளவு தாமதம், கழிந்துவிடும். ஸ்லோமோஷன் வீடியோ எடுத்துப் பார்க்கலாமே என்பார்கள். நொடிக்கு 240 படம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 4 மில்லிசெகண்டுக்கு மேல். 80-இல் 4 என்றால் ஐந்து சதவீதம். காதுக்கு இருக்கும் கூர்மை இங்கே கண்ணுக்கு இல்லை.

பத்துப் பதினைந்து அடி அடித்து, ஒவ்வொரு அடிக்கும் கருவியின் எண்ணையும் ஒலிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். சராசரியை மட்டும் ஒப்பிட்டால் பாதி விஷயம் மறைந்துவிடும். ஒலியில் 112, 108, 115 வந்தபோது கருவி 107, 103, 110 என்று சொன்னால், அது எப்போதும் 5 குறைத்துச் சொல்கிறது. இது நல்ல கருவி; 5 கூட்டிக்கொள்ளலாம், அல்லது காரணத்தைத் தேடித் திருத்தலாம். அதே அடிகளுக்கு 109, 111, 101 என்று சொன்னால் பிரச்சினை வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரே சீராகக் குறைத்துச் சொல்வது ரேடார் என்றால், பெரும்பாலும் கருவியின் வயதைக் குறை சொல்ல முடியாது. இந்தச் சிறு ரேடார்கள் வேலை செய்வது 24 முதல் 24.25 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில். அந்த வரிசையின் முழு அகலமே ஒரு சதவீதம்தான். அலை அதற்குள் எங்கே நகர்ந்தாலும் வேகக் கணக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் பிசகாது. ரேடாருக்கு வயதானால் பந்தைப் பார்க்கத் தவறும். பார்த்த பந்தை ஐந்து சதவீதம் குறைத்து அளக்காது. அப்படிக் குறைந்தால், வைத்த இடத்தைப் பாருங்கள். பந்து போகும் கோட்டுக்கு நேர் பின்னால் இல்லாமல் ஒதுக்கி வைத்திருப்பீர்கள். 2 மீட்டர் பின்னால், 65 சென்டிமீட்டர் பக்கவாட்டில் என்றால் கோணம் 18 டிகிரி. பந்து கிளம்பும் கணத்தில் அந்த வேகத்தில் 5 சதவீதம் ரேடாருக்குத் தெரியாது. பந்து தூரம் போகப் போகக் கோணம் சுருங்கிச் சரியாகும். மைதானத்தில் அதற்கு இடமுண்டு. மாடியில் வலை கிட்டே இருப்பதால் சுருங்குவதற்குள் பந்து நின்றுவிடும். கம்மவான்பேட்டைக்காரர், கிளப் பட்டுவிடுமோ என்ற பயத்தில் முக்கால் மீட்டர் தள்ளி வைத்திருந்தார். நேராக்கி வைத்ததும் பால் ஸ்பீடு ஒலிக் கணக்கோடு சேர்ந்துகொண்டது. யார்டு என்னவோ 150 வரவில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

கேமரா வகை சீராகத் தப்பு சொன்னால் கவலைப்பட வேண்டும். உள்ளே கேமரா எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் அது தூரத்தை எடை போடுகிறது. ஒருமுறை கீழே விழுந்து அந்தக் கோணம் துளி அசைந்திருந்தாலும் எண்கள் எப்போதும் ஒரே பக்கமாகச் சாயும். மூலையில் நசுங்கிய தடம், திருகுத் தலையில் கீறல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அதைத் தயாரித்தவர்களிடம் அனுப்பித்தான் சரிசெய்ய முடியும். அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

ஸ்மாஷ் ஃபேக்டர் 1.55, 1.6 என்று வருகிறது

பால் ஸ்பீடைக் கிளப் ஸ்பீடால் வகுத்தால் ஸ்மாஷ் ஃபேக்டர். இதற்கு ஒரு உச்சவரம்பு இருக்கிறது. விதிப்படி டிரைவர் (அதிகத் தூரம் அடிக்கும் கிளப்) முகத்தின் துள்ளல், அதாவது மோதிய வேகத்தில் எத்தனை பங்கோடு பந்து பிரிகிறது என்ற விகிதம், 0.83-ஐத் தாண்டக் கூடாது. டிரைவர் தலை ஏறக்குறைய 200 கிராம், பந்து 46 கிராம். துள்ளலோடு ஒன்றைக் கூட்டினால் 1.83; பந்தின் எடையைத் தலையின் எடையால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 1.23. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.49. ஆகவே 1.5-க்கு மேல் கணிசமாகப் போகிற எண்ணை உலகில் எவர் அடித்தாலும் நம்ப வேண்டாம். ஏழாம் நம்பரில் 1.33 என்பது அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சராசரி. உங்கள் ஏழாம் நம்பர் 1.45 காட்டினால் சந்தோஷப்படாதீர்கள்.

பெரும்பாலும் தப்பு கிளப் ஸ்பீடில் இருக்கும். கிளப் தலை அகலமானது. நுனி ஒரு வேகத்தில் போகிறது, கழுத்துப் பக்கம் இன்னொரு வேகத்தில் போகிறது. பழைய ரேடார் எதைப் பிடித்ததோ அதைச் சொல்லும். முதலில் வந்த ஸ்கைட்ராக் மாடல் கிளப்பைப் பார்ப்பதே இல்லை. பந்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. ஜிசி2-வும் கூடுதல் கருவி பொருத்தினால்தான் கிளப்பைப் பார்க்கும். பால் ஸ்பீடு ஒலிச் சோதனையில் தேறியிருந்தால் கிளப் ஸ்பீடை ஓரமாக வைத்துவிட்டு ஆட்டத்தைக் கவனிக்கலாம்.

அடிக்காமலே அடி பதிவாகிறது. ஒரே மாதிரி அடித்தும் எண் தாவுகிறது

ரேடார் வகைக்கு வரும் நோய். மேலே சொன்ன 109, 111, 101 இங்கேதான் வருகிறது. முதலில் மேலே பாருங்கள், ஃபேன் ஓடுகிறதா?

மே மாத வேலூரில் ஷெட்டுக்குள் ஃபேன் இல்லாமல் யாரும் கிளப் தூக்க மாட்டார்கள். ஆனால் 1200 மில்லிமீட்டர் சீலிங் ஃபேன் நிமிடத்துக்கு 350 சுற்று சுற்றினால், இறக்கையின் நுனி மணிக்கு 79 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. மைலில் 49. ஒரு சின்ன சிப் ஷாட்டின் (கிட்டத்தில் விழும்படி மெதுவாகத் தட்டும் அடியின்) வேகம் அது. பழைய கருவியின் மென்பொருளுக்குப் பந்தையும் இறக்கையையும் பிரித்துப் பார்க்கும் சாமர்த்தியம் குறைவு. ஃபேனை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் சும்மா விட்டுப் பாருங்கள். பேய் அடி நின்றால் கருவி நல்லது. பெடஸ்டல் ஃபேன் வைத்துக்கொள்ளலாம், ரேடாருக்குப் பின்னால்.

அடுத்து, சுற்றிலும் இருக்கும் தகரம். தகர ஷீட் கூரை, ஜிஐ பைப் சட்டம், படிக்கட்டு இரும்புக் கதவு எல்லாம் அலையைத் திருப்பி அனுப்பும். பந்து ஒன்றுதான், ஆனால் ரேடாருக்கு நேர்வழியிலும் சுற்றுவழியிலும் இரண்டாகத் தெரியும். இடத்தை மாற்றித் திறந்த வெளியில் ஒரு காலையில் சோதித்தால் தெரிந்துவிடும். கோட்டை மைதானத்துக்கு எடுத்துப் போகாதீர்கள்; அங்கே கிரிக்கெட் ஆடும் பையன்களின் தலைக்கு நீங்கள்தான் பொறுப்பு. வெளியிலும் தாவினால் பேட்டரி பார்க்க வேண்டும். முழு சார்ஜில் நன்றாக இருந்து, பாதிக்குக் கீழே போனதும் தாவினால் பேட்டரிதான்.

பந்தெல்லாம் ஒரு பக்கமாகவே கிளம்புகிறது, அல்லது எல்லாம் உயரமாகக் காட்டுகிறது

மொட்டை மாடித் தளத்தில் மழைநீர் வடிய கொத்தனார் வாட்டம் விட்டிருப்பார். 60-க்கு 1 என்ற வாட்டம் கிட்டத்தட்ட ஒரு டிகிரி. கருவிக்குத் தன் சாய்வைத் தானே அறியும் வசதி இல்லையென்றால், அந்த ஒரு டிகிரி அப்படியே லாஞ்ச் ஆங்கிளில் (பந்து மேலேறிக் கிளம்பும் கோணத்தில்) ஏறும். ரேடார் தரையிலும் பந்து தடித்த விரிப்பின் மேலும் இருந்தால் அதுவும் சேரும்: 2 மீட்டர் தூரத்தில் மூன்றரை சென்டிமீட்டர் உயர வித்தியாசம் இன்னொரு டிகிரி. ஆகவே ரசமட்டம் வைத்து, அட்டை அல்லது டைல்ஸ் துண்டு செருகி, கருவியும் பந்தும் ஒரே மட்டத்தில் நிற்கும்படி செய்யுங்கள்.

திசைக்கு நூல் பிடியுங்கள். பந்து வைக்கும் இடத்திலிருந்து தார்ப்பாயில் உள்ள இலக்கு வரை நூல் கட்டி, அதே நூலைப் பின்னால் நீட்டி, அதன் மேல் ரேடாரை உட்கார வைக்க வேண்டும். கண்ணளவில் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி சர்வசாதாரணமாகப் பிசகும். ஒரு டிகிரிக்கு 200 யார்டில் மூன்றரை யார்டு விலகும். கேமரா வகையில் கருவியின் முகம் இந்த நூலுக்கு இணையாக இருக்க வேண்டும்.

இதையெல்லாம் செய்த பிறகும் பந்து வலப்பக்கம்தான் போகிறது என்றால் கருவி பொய் சொல்லவில்லை. தார்ப்பாயில் சாக்பீஸ் குறிகளைப் பாருங்கள், அவையும் வலப்பக்கம்தான் இருக்கும்.

ஸ்பின் (சுழற்சி) எப்போதும் ஒரே எண்ணாக வருகிறது

அயர்னுக்கு ஒரு தோராயக் கணக்குண்டு: கிளப் எண்ணை ஆயிரத்தால் பெருக்கினால் நிமிடத்துக்கு அத்தனை சுற்று. ஏழாம் நம்பருக்கு 7000. டிராக்மேன் வெளியிட்ட தொழில்முறைச் சராசரி 7097. நீங்கள் நன்றாக அடித்தாலும், பந்தின் தலையில் தட்டினாலும் கருவி அதே 6900, 7000 என்று சொல்லிக்கொண்டிருந்தால், அது ஸ்பின்னைப் பார்க்கவில்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த கிளப்பைப் பார்த்துச் சொல்கிறது. ஏழாம் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு ஆப்பில் வெட்ஜ் (கிட்டத்து உயர அடிக்கான கிளப்) என்று மாற்றி ஒரு அடி அடியுங்கள். ஸ்பின் திடீரென்று 9000 ஆனால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இது கோளாறு அல்ல. ரேடார் ஸ்பின்னை அறிய பந்து சில மீட்டராவது பறக்க வேண்டும். வலைக்குள் அந்தத் தூரம் கிடைக்காது. மீவோவுக்குப் பந்தின் மேல் ஒட்ட உலோகப் புள்ளி ஸ்டிக்கர் உண்டு. டைட்லிஸ்ட் ஆர்சிடி பந்தில் அந்த வேலையை உள்ளேயே செய்திருக்கிறார்கள். ஸ்டிக்கர் ஒட்டி அடித்ததும் எண் உயிர் பெற்று மாறத் தொடங்கினால் கருவி ஆரோக்கியமாக இருக்கிறது.

கேமரா வகையில் ஸ்பின் குளறினால் பந்தைத் துடையுங்கள். செம்மண் படிந்த பந்தில் கேமராவுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. எழுத்து உள்ள பக்கம் கேமராவைப் பார்க்கும்படி வையுங்கள். லென்ஸ் மேல் உள்ள கண்ணாடியையும் மெல்லிய துணியால் துடைக்க வேண்டும், சட்டை நுனியால் அல்ல.

அடித்தும் பதிவாகவில்லை

கேமரா என்றால் வெயில். நேர் வெயில் பந்தில் பட்டால் படம் வெளுத்துவிடும், நிழலுக்கு மாற்றுங்கள். ரேடார் என்றால் வலை மிகக் கிட்டே இருக்கும். பந்திலிருந்து இரண்டரை மீட்டராவது விடுங்கள். இரண்டும் சரியாக இருந்து, மெதுவான சிப் மட்டும் விட்டுப்போனால் பெரும்பாலும் கருவியின் எல்லையே அவ்வளவுதான்.

காலையில் ஒரு தூரம், மதியம் ஒரு தூரம். பெங்களூரில் இன்னொரு தூரம்

பால் ஸ்பீடு மாறாமல் யார்டு மட்டும் மாறினால் ஆப்பின் செட்டிங்கைப் பாருங்கள். கருவி தூரத்தைக் கணக்கிட ஏதோ ஒரு காற்றை எடுத்துக்கொள்கிறது. சிலது எப்போதும் கடல்மட்டம், 25 டிகிரி என்றே கணக்குப் போடும். சிலதில் உயரமும் வெப்பமும் நாமே கொடுக்கலாம். விற்றவர் ஊட்டிக்காரராக இருந்து 2200 மீட்டர் என்று போட்டுவைத்திருந்தால் உங்கள் டிரைவர் திடீரென்று பலசாலியாகிவிடும்.

வேலூரின் உயரம் 200 மீட்டரை ஒட்டித்தான். அதனால் கிடைப்பது இரண்டு யார்டு போல. நம் ஊரில் விளையாடுவது வெயில். 40 டிகிரி மதியத்தில் இங்கே காற்றின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1.09 கிலோ அளவுக்கு இறங்கிவிடும். மார்கழிக் காலையில் 1.17-ஐத் தாண்டும். 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் 25 டிகிரியில் 1.06. அதாவது அக்னி நட்சத்திரத்தில் காட்பாடிக் காற்று, குளுகுளு பெங்களூர்க் காற்றுக்குக் கிட்டே வந்துவிடுகிறது. 25 டிகிரிக் கணக்கோடு ஒப்பிட்டால் டிரைவரில் ஐந்து யார்டு வரை நிஜமாகவே கூடும். கருவி அதைக் காட்டவில்லை என்பதால் அது பழுதல்ல. ஒப்பிட்டுப் பார்க்கும்போது மட்டும் எல்லா நாளும் ஒரே செட்டிங்கில் வைத்துவிடுங்கள்.

எண் மாறாமல் கருவியே அணைந்துபோனால் அது சூடு. ஆப் ஓடும் செல்போனையும் நிழலில் வைக்க வேண்டும். ஐபோனைப் பயன்படுத்தும் இடத்தின் வெப்பம் 35 டிகிரி வரைதான் இருக்கலாம் என்று ஆப்பிளே சொல்கிறது. நம் மாடியில் சித்திரை மாதம் காலை ஒன்பது மணிக்கு மேல் அதற்கு வேலை இல்லை.

எல்லாம் சரி, ஆப் திறக்க மாட்டேன் என்கிறது

அளவுக்குச் சம்பந்தமில்லாத கோளாறு, ஆனால் பணம் இதில்தான் போகும். விற்றவர் தன் கணக்கிலிருந்து கருவியை விடுவிக்காவிட்டால் சில மாடல்கள் உங்கள் போனோடு சேராது. சிலவற்றில் அடிப்படைப் பயிற்சி மட்டும் இலவசம், மற்றதுக்கு வருடா வருடம் சந்தா. பழைய ஆப் பிளே ஸ்டோரிலிருந்தே எடுக்கப்பட்டிருக்கலாம். வாங்குவதற்கு முன் விற்பவர் எதிரிலேயே உங்கள் போனில் ஆப் இறக்கி, உங்கள் பெயரில் பதிந்து, நாலு பந்து அடித்துப் பாருங்கள். கூரியரில் வருகிறது என்றால் அவர் தன் கணக்கை நீக்கும் திரையை வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாகக் கருவியைக் கண்ணாடி மேசை மேல் படுக்க வைத்து விரலால் சுண்டுங்கள். தட்டையாக இருக்க வேண்டிய அடிப்பக்கம் உப்பிப்போய்ச் சுழன்றால் உள்ளே பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜில் போடாதீர்கள். ஆபீசர்ஸ் லைன் பக்கம் செல்போன் பேட்டரி மாற்றுகிறவர்களிடம் கொடுத்தால் அதே அளவில் வேறொன்று இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். கேமரா வகை என்றால் திறக்கும்போது லென்ஸ் சட்டத்தைத் தொட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், மாற்றிய பிறகு ஒலிச் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.